ஊட்டி மலை ரயிலுக்கு டிக்கெட் கிடைக்கவில்லையா? அப்படியும் போகலாம்

மூன்று நாள் விடுமுறை, ஒன்பது வயதுப் பையன், அவனுக்கு ரயில் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் போகலாம் என்று பார்த்தால் எல்லா நாளும் வெயிட்டிங் லிஸ்ட். இனிமேல் அங்கே போவதில் அர்த்தம் இருக்கிறதா, அல்லது பக்கத்தில் வேறு ரயில் மியூசியம் எதற்காவது கூட்டிப்போகலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

தாராளமாகப் போங்கள். டிக்கெட் கிடைக்காதது பாதி நல்லதுக்குத்தான் என்றுகூடச் சொல்வேன். நான் குன்னூர்க்காரன். என் மாமா இந்த மலை ரயிலில் பிரேக்ஸ்மேனாக வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். சொந்தக்காரர்கள் யாராவது ஊரிலிருந்து போன் செய்து "மாமா, டிக்கெட் கிடைக்குமா?" என்று கேட்டால் அவர் சொல்கிற ஒரே பதில்: "வண்டிக்குள்ள உக்காந்தவனுக்கு எஞ்சின் தெரியாதுடா."

சிடுசிடுப்பில் சொன்ன மாதிரி இருந்தாலும் விஷயம் உண்மை. மற்ற ரயில்களில் எஞ்சின் முன்னால் நின்று இழுக்கும். இங்கே மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை நீராவி எஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறுகிறது. ஏறும்போதும் சரி இறங்கும்போதும் சரி, எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான். காரணம் எளிது. நடுவழியில் பெட்டி கழன்றுகொண்டால் உருண்டு ஓட இடம் இருக்கக் கூடாது. கீழே எஞ்சின் முட்டுக்கொடுத்து நிற்க வேண்டும். ஆக, மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து வருகிற பையன் காட்டைப் பார்ப்பான், பாலத்தைப் பார்ப்பான், குகைக்குள் போனதும் எல்லோருடனும் சேர்ந்து "ஓ"வென்று கத்துவான். ஆனால் எந்த எஞ்சினுக்காக அவ்வளவு தூரம் வந்தானோ, அதன் சத்தம் மட்டும்தான் பின்னாலிருந்து கேட்கும்.

அதனால் என் யோசனை: ஒரு சின்னப் பயணம் உள்ளே உட்கார்ந்து, மீதி நேரமெல்லாம் வெளியே நின்று வேடிக்கை.

முதல் நாள் மேட்டுப்பாளையத்தில் ஆரம்பியுங்கள். சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் வந்தால் காலை ஆறே கால் வாக்கில் இறங்கிவிடலாம். மலை ரயில் கிளம்புவது 7.10. (நேரம் அவ்வப்போது மாறும், கிளம்புமுன் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.) இந்த இடைவெளியில் எல்லோரும் இட்லிக்கு ஓடுவார்கள். நீங்கள் ஓடாதீர்கள். எஞ்சினைக் கொண்டுவந்து பெட்டிகளோடு கோப்பது இந்த நேரத்தில்தான். அதன் பக்கத்தில் போய், கை படாத தூரத்தில் நின்று, பையனிடம் சக்கரங்களைக் காட்டுங்கள். ஒவ்வொரு பக்கமும் மேலொன்று கீழொன்றாக இரண்டு சிலிண்டர், மொத்தம் நான்கு. இவற்றின் பெயர் எக்ஸ் வகை எஞ்சின். ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்தில் செய்து கப்பலில் வந்தவை. பிற்காலத்தில் திருச்சி பொன்மலைப் பட்டறையிலேயே இதே மாதிரியைப் புதிதாகக் கட்டினார்கள். உலகமே நீராவியைக் கைவிட்டுப் பல வருஷம் ஆன பிறகு ஒரு தமிழ்நாட்டுப் பட்டறை புது நீராவி எஞ்சின் கட்டியது என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அந்த நான்கு சிலிண்டர் எதற்கு என்பதில்தான் இந்த ரயிலின் சூட்சுமம் எல்லாம் இருக்கிறது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 330 மீட்டர் சுமார். குன்னூர் 1,700 மீட்டருக்கு மேல். முதல் ஏழெட்டு கிலோமீட்டர், அதாவது கல்லாறு வரை, பாக்குத் தோப்புகளுக்கு நடுவே சமதரை. அங்கே இரண்டு சிலிண்டர் போதும், சாதாரண ரயில் மாதிரி ஓடும். கல்லாறு தாண்டியதும் 12 அடி போனால் ஓர் அடி உயர்கிற ஏற்றம் வருகிறது. அந்தச் சரிவில் இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கும். அதனால் அங்கிருந்து குன்னூர் வரை, இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டைகள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் பதித்திருக்கிறார்கள். ரம்பத்தைப் பல் மேலே தெரிகிற மாதிரி நிறுத்தி வைத்தது போல இருக்கும். ஒரு பட்டையில் பல் இருக்கும் இடத்துக்கு நேரே அடுத்த பட்டையில் பள்ளம். எஞ்சினுக்கு அடியில் உள்ள பல்சக்கரம் இவற்றைக் கவ்விக்கொண்டு ஏறும். ஒரு பட்டையில் பல் விடுபடுகிற நொடியில் அடுத்ததில் ஒரு பல் பிடித்திருக்கும். ரோமன் ஆப்ட் என்ற ஸ்விஸ் பொறியாளர் கண்டுபிடித்த முறை இது. இந்தியாவில் இந்த முறையில் ஓடும் ரயில் இது ஒன்றுதான்.

சரி, சிலிண்டருக்கு வருவோம். பல் பாதை தொடங்கியதும், முதல் இரண்டு சிலிண்டரில் வேலை செய்து முடித்த நீராவியை வெளியே விட்டுவிடாமல் அடுத்த இரண்டுக்கும் அனுப்புகிறார்கள். அந்த இரண்டும்தான் பல்சக்கரத்தைச் சுற்றுகின்றன. ஒரே நீராவி, இரண்டு வேலை. வடித்த கஞ்சியையும் வீணாக்காத வீட்டு வழக்கம் மாதிரி. வெளியே நின்று பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். கீழே உள்ள கம்பிகள் நிதானமாக அசைந்துகொண்டிருக்க, மேலே உள்ளவை அவசரமாக ஆடிக்கொண்டிருக்கும். ஒரே எஞ்சினுக்கு இரண்டு நாடி ஓடுவது போல இருக்கும். சின்ன வயதில் எனக்கு இது புரிய ஒரு வருஷம் ஆனது. மாமா இரண்டு கையையும் நீட்டி, ஒன்றை மெதுவாகவும் ஒன்றை வேகமாகவும் சுழற்றிக் காட்டித்தான் விளங்க வைத்தார்.

மேட்டுப்பாளையம் நிலையத்தில் இந்த ரயில் பாதைக்கென்று ஒரு சின்ன மியூசியம் இருக்கிறது. பழைய படங்கள், கருவிகள். பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம், அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் உயிரோடு மூச்சுவிட்டுக்கொண்டு எஞ்சின் வெளியே நிற்கும்போது உள்ளே போய்ப் படம் பார்ப்பது எனக்கு ஒப்பாத காரியம். வண்டி கிளம்பிய பிறகு பாருங்கள்.

கிளம்பும்போது கவனிக்க வேண்டிய இன்னொன்று, பெட்டிகளின் முன்பக்கத் திண்ணையில் கொடியோடு நிற்கிற ஆட்கள். அவர்கள்தான் பிரேக்ஸ்மேன்கள். டிரைவர் கடைசியில் இருக்கிறார். முன்னால் பாதையில் மரம் விழுந்திருக்கிறதா, யானை நிற்கிறதா என்று அவருக்குத் தெரியாது. முதல் பெட்டியில் நிற்பவர் பார்த்து, கொடியைக் காட்ட, அடுத்த பெட்டிக்காரர் அதைப் பார்த்துக் காட்ட, கைமாறிக் கைமாறி டிரைவருக்குப் போய்ச் சேரும். மாமா இருபது வருஷத்துக்கு மேல் அந்தத் திண்ணையில் நின்றார். மழைக்காலத்தில் வீட்டுக்கு வந்ததும் முதலில் அடுப்புப் பக்கத்தில் கொடியைத்தான் காயப்போடுவார், அப்புறம்தான் சட்டை. அத்தை திட்டுவார்.

வண்டி போனதும் காரை எடுத்துக்கொண்டு துரத்தாதீர்கள். அந்தப் பைத்தியக்காரத்தனத்தை நான் செய்திருக்கிறேன். தங்கை பிள்ளைகள் இரண்டு பேரைக் காரில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நிறுத்தி, ரயில் தெரிகிறதா என்று எட்டிப் பார்த்து, கடைசியில் மூன்று இடத்தில் புகையும் ஒரு இடத்தில் கடைசிப் பெட்டியின் முதுகும்தான் பார்த்தோம். சின்னவன் வாந்தி எடுத்தான். பல் பாதையில் வண்டி மணிக்கு 13 கிலோமீட்டருக்கு மேல் போகாது. வழியில் அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு என்று தண்ணீர் குடிக்க வேறு நிற்கும். உங்கள் கார் எப்படியும் முன்னதாகப் போய்விடும். அதனால் பர்லியாரில் ஆற அமர டீ குடியுங்கள். சீசனாக இருந்தால் சாலையோரம் மங்குஸ்தான் கிடைக்கும், வாங்கிக்கொள்ளுங்கள். பத்து மணிக்குக் குன்னூர் நிலையத்தில் இருந்தால் போதும். பிளாட்ஃபாரம் டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள்.

பத்தரை வாக்கில் வண்டி வரும். என்னைக் கேட்டால் இந்த மலை முழுவதும் ரயில் பார்க்கச் சிறந்த இடம் குன்னூர் நிலையம்தான். நீராவி எஞ்சினுக்கு இங்கே வேலை முடிந்தது. அதைக் கழற்றி, டீசல் எஞ்சினை மாட்டுவார்கள். கழன்ற எஞ்சின் பெருமூச்சு விட்டுக்கொண்டு ஷெட்டுக்குப் போகும். மூன்று மணி நேரம் ஏறி வந்த எஞ்சினின் பக்கத்தில் நின்றால் குன்னூர்க் குளிரிலும் முகத்தில் அனல் அடிக்கும். சூடான எண்ணெய், ஈர இரும்பு, லேசாகக் கரி, எல்லாம் கலந்து ஒரு வாசனை. முன்பு முழுக்க நிலக்கரிதான். இப்போது பெரும்பாலும் எண்ணெய் எரிக்கிறார்கள். மாமாவுக்கு அதில் இன்னும் மனத்தாங்கல். கரி வாசனை போனது, கூடவே ருசியும் போனது என்பார், ஏதோ சாம்பாரைப் பற்றிச் சொல்வது போல.

அப்புறம் ஒரு வேடிக்கை. ஊட்டிக்குப் போக வேண்டிய வண்டி குன்னூரிலிருந்து கிளம்பும்போது வந்த வழியே பின்னால் போகும்! புதிதாக வந்தவர்கள் பதறிப்போவார்கள். கொஞ்ச தூரம் பின்வாங்கி, அங்கிருந்து வேறு பாதையில் திரும்பி ஊட்டிப் பக்கம் ஏறும். நிலையம் அமைந்த விதம் அப்படி. பையனிடம் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள், அவனே கண்டுபிடிக்கட்டும்.

ஷெட்டுக்குள் அனுமதி இல்லாமல் போக முடியாது. நிலையத்தில் பணிவாகக் கேட்டுப் பார்க்கலாம். வேலை நெருக்கடி இல்லாத நாளாக இருந்தால், குழந்தை முகத்தைப் பார்த்துச் சம்மதிப்பவர்களும் உண்டு. இல்லை என்றால் இல்லைதான், வற்புறுத்த வேண்டாம். வேலியோரம் நின்றாலே நிறையத் தெரியும்.

இரண்டாவது நாள் ரயிலில் ஏறுங்கள். குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையே மட்டும் ஓடும் வண்டிகள் தினமும் சில உண்டு. அவற்றில் முன்பதிவு இல்லாத டிக்கெட் கவுன்டரிலேயே கிடைக்கும். வரிசையில் கொஞ்சம் சீக்கிரமாக நிற்க வேண்டும், அவ்வளவுதான். இது டீசல் பாதை, பல் பட்டை இல்லை, ஏற்றம் கொஞ்சம் சாது. வெலிங்டனில் ராணுவ முகாம், அரவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை, பிறகு கேத்திப் பள்ளத்தாக்கு, லவ்டேல். கேத்தியில் இறங்கிவிடலாம் என்பது என் சிபாரிசு. சின்ன நிலையம், பூச்செடி, பெஞ்சு. கீழே கேரட்டும் உருளைக்கிழங்கும் போட்ட வயல்கள் படிப்படியாக. வர்க்கியும் பிளாஸ்கில் டீயும் எடுத்துக்கொண்டு போய், ஒரு வண்டியை அனுப்பிவிட்டு அடுத்த வண்டி வரும்வரை உட்கார்ந்திருங்கள். வளைவில் எங்கேயோ ஊதுகிற சத்தம் முதலில் மலையில் மோதித் தப்பான திசையிலிருந்து கேட்கும். பிறகுதான் வண்டி தெரியும். பையன் கண்டிப்பாக ஏமாறுவான். நான் இன்னும் ஏமாறுகிறேன்.

நீராவிப் பாதையிலும் உட்கார்ந்தே தீர வேண்டும் என்றால், ஊட்டி வரை தேடாமல் மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரை என்று தனியாகத் தேடிப் பாருங்கள். முன்பதிவுத் தளத்தில் குன்னூரின் குறியீடு ஓ.என்.ஆர்., ஊட்டிக்கு யு.ஏ.எம்.; இது தெரியாமலே நிறையப் பேர் வண்டியே இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். இறங்கு வண்டியையும் ஒதுக்க வேண்டாம். மதியம் இரண்டு மணி சுமாருக்கு ஊட்டியில் கிளம்பி மாலையில் மேட்டுப்பாளையம் சேரும். முன்பதிவு 60 நாள் முன்பே திறக்கும், மே மாதத்துக்கு அன்று காலையே முடிந்துவிடும்.

இந்தப் பாதைக்கு எத்தனை வயது என்று பையன் கேட்பான். 1854-லேயே யோசனை வந்துவிட்டது. பணம் இல்லை, எப்படி ஏற்றுவது என்று தெரியவில்லை, ஒரு கம்பெனி தொடங்கி நொடித்தும் போனது. கடைசியில் 1899-ல் குன்னூர் வரை வண்டி வந்தது. ஊட்டி வரை வர இன்னும் ஒன்பது வருஷம், 1908. மொத்தம் 46 கிலோமீட்டர், 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள். 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மாமா இந்த 208-ஐ மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார். முழங்கால் வலியை வைத்து அதற்கு மேல் இருக்கும் என்பார்.

மூன்றாவது நாள் நிஜமான ரயில் மியூசியம் வேண்டும் என்றால் மைசூருக்கு இறங்கிவிடுங்கள். ஊட்டியிலிருந்து கூடலூர், முதுமலை, பந்திப்பூர் வழியாக நூற்றிச் சொச்சம் கிலோமீட்டர்தான். பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை மூடியிருக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். மைசூர் ரயில் மியூசியம் 1979-ல் தொடங்கியது, ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. மைசூர் மகாராணிக்காகச் செய்த சலூன் பெட்டியில் சமையலறை, குளியலறை எல்லாம் உண்டு. நாம் படுக்கும் சைடு லோயரை நினைத்துக்கொண்டே பார்த்தேன். தண்டவாளத்தில் ஓடும்படி மாற்றிய பழைய ஆஸ்டின் கார் ஒன்றும் இருக்கிறது. பையன் அதை விட்டு நகர மாட்டான். நீங்கள் சென்னைப் பக்கம் என்றால் பெரம்பூரில் ஐ.சி.எஃப்.பை ஒட்டி ஒரு மியூசியம், திருச்சிப் பக்கம் என்றால் அங்கேயும் ஒன்று; அவை வேறொரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஆகட்டும்.

கேள்வியின் கடைசியில், ஊட்டி வேண்டாம் என்றால் கோடைக்கானலுக்கு ரயிலில் போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கோடைக்கானல் ரோடு என்று நிலையம் இருக்கிறது, அதை நம்பி ஏமாறுபவர்கள் வருஷா வருஷம் உண்டு. அது அம்மையநாயக்கனூரில், சமவெளியில் இருக்கிறது; அங்கிருந்து மலைக்கு 80 கிலோமீட்டர் பஸ்தான். பழனி மலைத் தொடரில் மலை ரயிலே கிடையாது. ஆனால் பழனிக்குப் போனால் பையனுக்கு ஒரு ஆறுதல் உண்டு: முருகன் கோயிலின் விஞ்ச். 1966-லிருந்து ஓடுகிறது. எஞ்சினே இல்லாமல், மேலே இருக்கும் மோட்டார் இரும்புக் கயிற்றால் இழுக்க, தண்டவாளத்தில் பெட்டி ஏறும். பல்லால் கவ்வி ஏறுவதற்கும் கயிற்றால் இழுத்து ஏற்றுவதற்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டையும் பார்த்த பிள்ளையே உங்களுக்கு விளக்கிச் சொல்லும்.

சில எச்சரிக்கைகள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து வண்டி ரத்தாவது சகஜம். அந்த மாதங்களில் இதை நம்பி மட்டும் பயணம் போடாதீர்கள். சொந்த வண்டியில் வந்தால் நீலகிரிக்கு இ-பாஸ் வேண்டும், 2024 மே மாதத்திலிருந்து இந்த ஏற்பாடு. எங்கள் டி.என். 43 வண்டிகளுக்குத் தேவையில்லை, அரசு பஸ்ஸில் வருபவர்களுக்கும் தேவையில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்தால் சோதனைச் சாவடியிலேயே பிடுங்கிவிடுவார்கள்.

முக்கியமாக, கல்லாறிலிருந்து தண்டவாளத்திலேயே ஹில்குரோவ் வரை நடந்தோம் என்று வீடியோ போடுகிறவர்களைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். ரயில்வே சட்டப்படி அது குற்றம். அதற்கு மேல், அது யானை நடக்கிற காடு. பாலத்தின் நடுவில் நிற்கும்போது இந்தப் பக்கம் யானை, அந்தப் பக்கம் ரயில் என்று வந்தால் ஒதுங்க இடம் கிடையாது. மாமா அந்த மாதிரி ஆட்களைக் கொடியால் விரட்டியிருக்கிறார். அவர் விரட்டும்போது உபயோகித்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

முதல் நாளே மதியம் குன்னூரில் உங்களுக்கு வேறு வேலை இல்லை என்றால், மூன்று மணிக்கு மறுபடி நிலையத்துக்கு வாருங்கள். ஊட்டியிலிருந்து இறங்கும் வண்டி வரும். டீசலைக் கழற்றிவிட்டு, ஷெட்டிலிருந்து நீராவி எஞ்சின் வந்து பள்ளத்துப் பக்கம் மாட்டிக்கொள்ளும். அந்தக் கோடியில் போய் நில்லுங்கள். கிளம்பும்போது அடியிலிருந்து வெள்ளையாக ஆவி சீறும், கூடவே வெந்நீர்த் துளியும் எண்ணெயும் தெறிக்கும். பையனுக்கு வெள்ளைச் சட்டை போட்டுக் கூட்டி வராதீர்கள்.